பன்னிரண்டு நிறுத்தம், பதினோரு வரி

அத்தியாயம் 6

பத்து மணி பஸ் பத்தேகாலுக்குத்தான் கிளம்பும் என்பது பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். சுடர்விழிக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்பதே முக்காலுக்கே ஏறி உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, அந்தக் கம்பி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றான் ஜஸ்டின்.

“வாய மூடுறா.”

“மூடிட்டேன். கம்பிக்கு வாய் இல்ல, அதுக்கும் சேத்துத்தான் சொன்னேன்.”

புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடை மாடியில் ‘சுடர் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. வந்த வழக்கில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பது. மிச்சம் கால்வாசி, குடிப்பார் என்று தெரிந்தே பெண்ணைக் கொடுத்துவிட்டு, இப்போது எங்கே உட்கார்ந்து குடிக்கிறார் என்பது. ஜஸ்டின் அங்கே உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாய்தான். அது ஓயாது.

நடுவில் உட்கார்ந்திருந்த பெண்தான் இந்த வழக்கு. பெயர் சரண்யா. நர்சிங் மூன்றாம் வருஷம். அப்பா கல்குவாரியில் லோடுமேன். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. அந்தக் காலை வெட்டுவதற்குத்தான் இன்றைக்கு நாள் குறித்திருந்தார்கள். மதியம் இரண்டரை மணிக்கு விசாரணைக் கமிட்டி. காப்பி அடித்தாள் என்று முடிவானால் மூன்று வருஷம் பரீட்சை எழுத முடியாது. மூன்று வருஷம் கழித்து எந்த அப்பன் மறுபடி படிக்க அனுப்புவான்? எவனும் அனுப்ப மாட்டான்.

சுடர்விழி மடியில் குற்றச்சாட்டு மெமோ இருந்தது. கூடவே இரண்டு விடைத்தாள்களின் ஜெராக்ஸ். ஒன்று சரண்யாவுடையது. மற்றது அவளுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய கணேஷுடையது. கல்லூரிச் செயலாளரின் அக்கா மகன்.

கேள்வி: நோயாளியின் உரிமைகள் பன்னிரண்டை எழுதுக. ஆங்கிலப் பேப்பர். ஆசிரியர் கொடுத்த நோட்ஸில் பன்னிரண்டு வரி. இரண்டு தாளிலும் பதினோரு வரி, நோட்ஸில் இருக்கிற அதே சொற்கள், அதே வரிசை.

“ரெண்டு பேரும் ஒரே நோட்ஸ்தான் படிச்சாங்க. ஒரே மாதிரிதான இருக்கும்?” என்றான் ஜஸ்டின். “ரெண்டு பேர் வீட்டுலயும் இட்லி வட்டமா இருக்குங்கிறதுக்காகத் திருடுன இட்லின்னு சொல்லுவாங்களா?”

“ஏழாவது வரி ரெண்டுலயும் இல்லடா. ரெண்டு வீட்டு இட்லியிலயும் ஒரே எடத்துல ஓட்டை.”

மெமோ மூன்று காரணம் சொன்னது. ஒன்று, விடுபட்ட வரி இருவருக்கும் ஒன்றே. இரண்டு, பின்னால் இருப்பவர்தான் முன்னால் இருப்பவரைப் பார்த்து எழுத முடியும். மூன்றாவதைத்தான் சுடர்விழி காலையிலிருந்து நாலு தடவை படித்துவிட்டாள்: ‘மாணவன் கணேஷின் விடையில் கூடுதல் சொற்கள் உள்ளன. எனவே அதுவே மூலம். மாணவி அதைச் சுருக்கி நகலெடுத்துள்ளார். மேலும், இவ்வளவு நீண்ட பகுதியை எழுத்துப் பிசகாமல் மனனம் செய்வது இயல்பானதன்று.’

இயல்பானதன்று. அந்தச் சொல்லைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவனுக்கு வேண்டுமானால் இயல்பில்லை. அவளெல்லாம் காலேஜில் ஒரு கட்டுரை முழுவதையும் அர்த்தம் தெரியாமல் ஓசையாகவே விழுங்கியவள். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் எடுத்துக் கோத்து, இங்கிலீஷ் வாத்தியாரைத் திட்டுகிற ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தாள். வாத்தியாரைத் திட்டத் திட்ட வரி வரும். எழுபத்திரண்டு மார்க்.

“நான் கையில எழுதிட்டுப் போவேன்” என்றான் ஜஸ்டின்.

“அது மனப்பாடம் இல்ல. மணிக்கட்டுப் பாடம்.” கணேஷுடைய தாளின் ஜெராக்ஸை ஜஸ்டின் பக்கம் நீட்டினாள். “கூடுதல் சொல்னு சொல்றானுங்களே, அது என்னன்னு பாரு.”

அவன் பார்த்தான். “எல்லா வரி முடிவுலயும் ஒரு ‘ரைட்’ போட்டிருக்கான். உரிமையை வலியுறுத்துறானாம். ஆறாவது வரிக்கு அப்புறம் மூணு ‘ரைட்’. ரொம்ப வலியுறுத்திட்டான். ஒன்பதாவது வரி, மருத்துவப் பதிவேட்டைப் பெறும் உரிமை. அங்க மட்டும் முன்னாடி ‘ஹோல்ட் ஆன்’னு இருக்கு. நோயாளிக்குப் பதிவேட்டைப் புடிச்சித் தொங்குற உரிமை போல.”

“திருத்துனவங்க மார்க் போட்டிருக்காங்களே?”

“தொங்கினதுக்குத் தனி மார்க்கோ என்னமோ.”

சரண்யா சிரிக்கவில்லை. நேற்று அலுவலகத்தில் சுடர்விழி அவளை ஒப்பிக்கச் சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு, வரிக்கு நடுவே உதட்டை மட்டும் அசைத்து, எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். அப்போதும் ஏழாவது வரி வரவில்லை. எப்படிப் பாடம் பண்ணினாய் என்று மூன்று முறை கேட்ட பிறகுதான், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி, “பஸ்ஸுல வச்சிருக்கேன் அக்கா” என்றாள்.

அவள் ஏறும் பொன்னமராவதியிலிருந்து கல்லூரி இருக்கும் புதுக்கோட்டை வரை பன்னிரண்டு நிறுத்தம். நிறுத்தத்துக்கு ஒரு வரி. பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னலில் ‘தகவல் அறியும் உரிமை’. கொன்னையூர் கோயில் வாசலில் ஒரு ஆம்புலன்ஸ், அது ‘அவசர சிகிச்சை’. குழிபிறையில் ஒரு வீட்டுக்குக் கதவுக்குப் பின் கதவாக மூன்று கதவு, அது ‘அந்தரங்கம் காத்தல்’. பரீட்சை ஹாலில் உட்கார்ந்து மனசுக்குள் பஸ் ஏறுவாள். வண்டி நிற்க நிற்க வரி ஏறும்.

ஏழாவது நிறுத்தம், பனையப்பட்டி தாண்டி ரைஸ்மில். வரி, ‘இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமை’.

“அந்த எடத்துல ரோடு வேலை நடக்கும். பஸ் சுத்திப் போயிருக்கும். அதான் வரி விழுந்திருச்சு” என்று நேற்றே தீர்ப்புச் சொல்லியிருந்தாள் சுடர்விழி. “ஓட்டை ஒன் பஸ்ஸுலதான் விழுந்ததுன்னு நிரூபிச்சா, கணேஷ் தாள்ல இருக்கிற ஓட்டை ஒங்கிட்ட இருந்து போனதுன்னு ஆயிரும்.” அதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

பத்தேகாலுக்குக் கண்டக்டர் அருள்தாஸ் ஏறினார். சரண்யாவைப் பார்த்ததும், “என்ன பாப்பா, இன்னைக்கு லேட்டு? இவுக யாரு?” என்றார்.

“அக்கா, அண்ணே.”

“ஒனக்கு ஏது அக்கா? சரி சரி. போலாம் ரைட்!”

வண்டி நகர்ந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும் முன்பே சுடர்விழியின் போன் அடித்தது. கல்லூரி அலுவலகத் தட்டச்சர் இன்னாசியம்மாள். “எம்மா, சரண்யா வீட்டு ஆளா? கமிட்டிய பன்னெண்டு மணிக்கு மாத்திட்டாக. செயலாளர் சாயங்காலம் கல்யாணத்துக்குப் போறாராம். வரலைன்னா ஒத்துக்கிட்டதா எழுதிருவாக.”

“பன்னெண்டா? நாங்க பஸ்ஸுல இருக்கோம்!”

“அப்ப வெரசா வரச் சொல்லுங்க பஸ்ஸ.”

பஸ் அப்படியெல்லாம் வெரசாக வரக்கூடியது இல்லை. கொன்னையூரில் ஒருவர் சைக்கிளைக் கூரை மேல் ஏற்ற அஞ்சு நிமிஷம் எடுத்துக்கொண்டார். இன்னொரு நிறுத்தத்தில் டிரைவர் யாரிடமோ கொய்யாப்பழம் வாங்கினார். சுடர்விழி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

“அக்கா, நீங்க நின்னா வண்டி வேகமாப் போகாது” என்றான் ஜஸ்டின். “நான் வேணா எறங்கித் தள்ளவா?”

சரண்யா இதெதையும் கவனிக்கவில்லை. நிறுத்தம் வர வர அவள் உதடு அசைந்தது. நாலு வரி, அஞ்சு வரி, ஆறு. பனையப்பட்டி தாண்டியது. சுடர்விழி ஜன்னல் வழியே கழுத்தை நீட்டினாள். ரைஸ்மில்லின் தகரக் கூரை தெரிந்தது. ரோடு வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பஸ் நேராகப் போய் ரைஸ்மில் முன்னால் நின்றது.

அவளுடைய துப்பு அங்கேயே கீழே விழுந்தது.

கீரைக் கூடையோடு ஒரு அம்மா ஏறினார். ஏறும்போதே கண்டக்டரைப் பார்த்து, “புதுக்கோட்டை போகுமா?” என்றார்.

“போகும், ஏறு காத்தாயி.”

காத்தாயி முன்னால் போய் டிரைவர் முதுகைத் தட்டினார். “ஏப்பா, இது புதுக்கோட்டை போகுமா?”

“இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமை!” என்றாள் சரண்யா. சத்தமாகவே. நாலு பேர் திரும்பினார்கள். அவள் அந்த வரியை ஆங்கிலத்தில் கடைசிப் புள்ளி வரை ஒப்பித்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்தாள். “இவுகதான் அக்கா. கண்டக்டர் சொன்னாலும் நம்ப மாட்டாக. டிரைவர்ட்டயும் ஒருக்கா கேப்பாக. அதான் அந்த வரியை இவுக மேல வச்சேன்.”

“அப்பறம் ஏன் பரீட்சையில வரல?”

“எங்க வர்றது? நான்தான் ஊர்லயே இல்லையே” என்றார் காத்தாயி, யாரைக் கேட்டார்கள் என்று கூடப் பார்க்காமல். “மக பிரசவத்துக்குத் திருச்சி போயி மூணு வாரமாச்சு. நேத்துத்தான் வந்தேன்.”

பரீட்சை நடந்து பன்னிரண்டு நாள். சுடர்விழிக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆள் இருந்தால்தான் ரைஸ்மில்லில் வண்டி நிற்கும். பரீட்சை வாரத்தில் காத்தாயி இல்லை. நிஜ பஸ்ஸும் நிற்கவில்லை, மனசுக்குள் ஓடிய பஸ்ஸும் நிற்கவில்லை. வரி அங்கேயே ரோட்டோரம் நின்றுவிட்டது.

“ஓட்டை ஒன்னோடதுதான்டி!” என்றாள்.

“நல்லது” என்றான் ஜஸ்டின். “இதைப் போயி கமிட்டில சொல்லுங்க. கீரைக்காரம்மா பேரன் பொறந்ததால ஏழாவது வரி வரலன்னு. நம்மள முதல்ல எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்கன்னு பாப்போம்.”

அவன் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சல். உண்மை கையில் இருக்கிறது. காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. மணி பதினொன்று பத்து.

நச்சாந்துபட்டியில் வண்டி கிளம்பும்போது ஒரு பையன் ஓடி வந்து படியைப் பிடித்தான். அருள்தாஸ் கத்தினார்: “ஹோல்டான்! ஹோல்டான்! ஏறித் தொலைடா. ம், ரைட், போலாம் ரைட்!”

சுடர்விழியின் விரல் கம்பியில் தட்டுவதை நிறுத்தியது.

மெதுவாகத் திரும்பினாள். சரண்யாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. வரி முடிந்ததும், கண்டக்டரோடு சேர்ந்து அதுவும் சொன்னது: ரைட்.

“சரண்யா. எழுதுறப்பயும் இதைச் சொல்லுவியா?”

“எதை அக்கா?”

“இந்த ரைட்டு.”

“சொல்லாட்டி வண்டி நகராதே.”

“வாய் விட்டா?”

“மெல்லமாத்தான். ரைஸ்மில்லுல ஆள் இல்லைன்னா கண்டக்டர் அண்ணன் ரெண்டு தடவ சொல்லுவாரு, ‘ரைட், ரைட்’னு. அன்னைக்கி அப்படித்தான் சொன்னேன். ஒன்பதாவது வரி ஞாபகம் வர்றதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு. அதான் ஹோல்டான் போட்டேன்.”

ஜஸ்டின் ஜெராக்ஸைப் பார்த்தான். சரண்யாவைப் பார்த்தான். ஆறாவது வரிக்குப் பின்னால் இருந்த மூன்று ‘ரைட்’டையும் பேனாவால் வட்டம் போட்டான்.

பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மூன்று பேரும் கல்லூரிப் படி ஏறினார்கள். கமிட்டி என்பது முதல்வர் நாச்சம்மை, அன்றைக்கு ஹாலில் மேற்பார்வை பார்த்த மரியசெல்வம் சார், ஓரமாகக் கணினி முன்னால் இன்னாசியம்மாள். செயலாளர் வரவில்லை, முடிவு மட்டும் அவருக்குப் போதுமாம். கணேஷ் சாட்சி என்ற பெயரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குற்றவாளிக்கு நாற்காலி இல்லை.

“முதல்ல அவளுக்கு ஒரு சேர் போடுங்க” என்றாள் சுடர்விழி.

“நீங்க யாரு?”

“அவளுக்கு அக்கா. ஜஸ்டின், சேர் எடு.”

பிறகு மெமோவை மேஜையில் வைத்தாள். “ஒங்க மூணாவது காரணத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன் மேடம். கணேஷ் தாள்ல கூடுதல் சொல் இருக்கு, அதனால அதுதான் மூலம்னு எழுதியிருக்கீங்க. கூடுதல் சொல் மொத்தம் ரெண்டே ரெண்டு. ரைட்டு, ஹோல்ட் ஆன். நோட்ஸ்ல ரெண்டும் அந்த எடத்துல கெடையாது. எங்கருந்து வந்துச்சு?”

நாச்சம்மை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “உரிமைங்கிற அர்த்தத்துல...”

“பதிவேட்டுக்கு முன்னாடி ஹோல்ட் ஆன் எந்த அர்த்தத்துல? அவனையே கேளுங்க.”

கணேஷ் மேஜையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். “அது... பிடித்துக்கொள்ளும் உரிமை மேடம்” என்றான்.

கதவருகே ஜஸ்டின் இருமினான். “கணேஷ் சார் புதுக்கோட்டை டவுன் பஸ்ஸுல வந்தா அந்த உரிமையை டிரைவரே பிரேக் போட்டுக் குடுப்பாரு.”

சுடர்விழி பஸ்ஸை எடுத்து மேஜையில் விட்டாள். பன்னிரண்டு நிறுத்தம், காத்தாயி, ரைஸ்மில், மூன்று ‘ரைட்’. சொல்லச் சொல்ல மரியசெல்வம் சார் நாற்காலியில் நெளிந்தார். கடைசியில் தானாகவே சொன்னார்: “அந்தப் பொண்ணு முணுமுணுத்தது உண்மை. நான் ஜெபம் பண்ணுதுன்னு நெனச்சேன். ஜெபத்தைத் தடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

“அவ சாமி கும்புடல சார். டிக்கெட் எடுத்துட்டு இருந்தா. முன்னாடி இருந்தவன் ஓசியில ஏறிட்டான்.”

ஜெயித்துவிட்டோம் என்று சுடர்விழி மூச்சு விட்டாள். நாச்சம்மை கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நீங்க சொல்றது சரின்னே வச்சுக்குவோம். அப்ப இந்தப் பொண்ணு அவனுக்கு விடை சொல்லிக் குடுத்திருக்கா. பார்த்து எழுதினாலும் தப்பு, சொல்லிக் குடுத்தாலும் தப்பு. விதியில ரெண்டுக்கும் தண்டனை ஒண்ணுதான். மூணு வருஷம்.”

கணேஷ் வாயைத் திறந்து உடனே மூடினான். அவனுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. “ஆமா மேடம். அவதான் சொல்லிக் குடுத்தா. நானா கேக்கல.”

சுடர்விழிக்கு உறைத்தது. தானே கட்டிய கயிறு. தன் கையாலேயே கொண்டுவந்து இவர்களிடம் கொடுத்திருக்கிறாள். கத்தலாம் போல இருந்தது. கத்தினால் வெளியே போகச் சொல்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கணேஷ் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தி, தம்பியிடம் பேசுகிற மாதிரிக் கேட்டாள்.

“சொல்லிக் குடுத்தாளா தம்பி? சரி. ஹோல்ட் ஆனையும் சொல்லிக் குடுத்தாளா?”

“ஆமா.”

“ஆறாவது வரிக்கு அப்புறம் மூணு ரைட்டையும்?”

“அவ அப்படித்தான் சொன்னா. சொன்னதைத்தான் எழுதுனேன்.”

“கேட்டுக்கிட்டீங்களா மேடம்?” சுடர்விழி நிமிர்ந்தாள். “சொல்லிக் குடுக்கிறவ விடையைத்தான் சொல்லிக் குடுப்பா. கண்டக்டர் சத்தத்தை எவளாச்சும் அடுத்தவனுக்கு விடையாச் சொல்லுவாளா? அது அவளுக்கு அவளே சொல்லிக்கிட்டது. இவனுக்குன்னு சொல்லியிருந்தா ரைட்டு இல்லாம இருந்திருக்கும். தாள்ல ரைட்டு இருக்குங்கிறதே இவன் ஒட்டுக் கேட்டாங்கிறதுக்கு சாட்சி. இப்ப அவன் வாயாலயும் சொல்லிட்டான். அவ முணுமுணுத்தது தப்புன்னா, அன்னைக்கே வாயை மூடச் சொல்ல வேண்டியது சாரோட வேலை.”

மரியசெல்வம் சார் மெதுவாகத் தலையாட்டினார். “எம் மேலதான் தப்பு மேடம். எழுதியே தாரேன்.”

நாச்சம்மை வெகுநேரம் இரண்டு தாளையும் பார்த்தார். ஒரு விரலால் கணேஷின் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு ‘ரைட்’டிலும் விரல் நின்றது. பிறகு, “கணேஷ், நீ வெளியில இரு. ஒன்னைத் தனியா விசாரிக்கணும்” என்றார். “செயலாளர்ட்ட நான் பேசிக்கிறேன். இன்னாசியம்மா, இந்தப் பொண்ணு மெமோவை முடிச்சு ஒரு ஆர்டர் அடிங்க.”

தட்டச்சு இரண்டே நிமிஷம். தாள் வந்தது. முதல்வர் பேனாவைத் திறந்தார். சுடர்விழிக்கு அப்போதுதான் கால் வலித்தது. அவள் தாளைப் படிக்கக்கூட இல்லை. தலைப்பையும் ‘முடிவு செய்யப்படுகிறது’ என்பதையும் பார்த்ததோடு சரி. “கையெழுத்து வாங்கிட்டு வா, கீழ இருக்கோம்” என்று திரும்பினாள்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றாள் சரண்யா.

அன்றைக்கு அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது. ஒரு முறை முழுக்கப் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். விரல் ஒரு இடத்தில் வந்து நின்றது.

“இதுல ‘மாணவி மன்னிக்கப்படுகிறார்’னு இருக்கு மேடம்.”

“ஆமா. எல்லா ஆர்டர்லயும் அப்படித்தாம்மா போடுவோம். ஒனக்குத் தண்டனை இல்லைன்னு அர்த்தம்.”

“மன்னிக்கிறதுக்கு நான் ஒண்ணும் பண்ணலையே மேடம்.”

“ஒரு வார்த்தைதானம்மா?”

“நான் ஒரு வார்த்தையும் மாத்தாமப் படிக்கிறவ மேடம்” என்றாள் சரண்யா. தாளை மேஜையில் வைத்துவிட்டாள். “இதை எங்கப்பாகிட்ட நான் படிச்சுக் காட்டணும். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படிக்கிறதைத்தான் அவரு மனசுல வச்சுக்குவாரு. காலத்துக்கும்.”

சுடர்விழி கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். இத்தனை தாளைப் புரட்டியவள், இந்த ஒரு தாளைப் படிக்காமல் போகப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நாச்சம்மை திறந்த பேனாவை மூடினார்.

இன்னாசியம்மாள் எழுந்து வந்து அந்தத் தாளை எடுத்து, நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். திரும்பிப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

“சொல்லு ஆத்தா” என்றார். “எழுத்து எழுத்தா நீயே சொல்லு. நான் அடிக்கிறேன்.”